எதைப் பொறுத்தது

எங்கள் கடைக் கணினிக்குக் காய்ச்சல் என்று நினைத்து அதன் தலையில் ஈரத்துணி போட்டவன் நான்தான்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள், காத்திருக்கிறேன். பின்னறையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. கடையின் மென்பொருள், வந்துபோன அத்தனை பேரின் அளவுகள், எல்லாம் அதற்குள்தான். அன்றைக்கு அதன் விசிறி இருமிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. வீட்டில் பிள்ளைக்குக் கொதித்தால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். துண்டை நனைத்து, பிழிந்து, மடித்து மேலே போட்டேன். பிழிந்துதான் போட்டேன் என்பதை இன்றுவரை அழுத்திச் சொல்லி வருகிறேன், யாரும் காதில் வாங்குவதில்லை. பெட்டியின் தலை முழுக்கக் காற்றுத் துளைகள் என்பதை நான் அதுவரை கவனித்ததில்லை. 'டப்' என்று ஒரு சத்தம். காய்ச்சல் இறங்கிவிட்டது. கூடவே எல்லாம் இறங்கிவிட்டது.

என் மனைவியின் தம்பிதான் கடையில் இயந்திரம் ஓட்டுகிறவன். ஓடி வந்து துண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மாமா, காப்புப் பிரதி எடுத்து வச்சிருக்கீங்கல்ல?"

"வச்சிருக்கேன் மச்சான்."

"எங்க?"

"இதே பெட்டியில. பத்திரமா."

"பெட்டிச் சாவி தொலையக் கூடாதுன்னு பெட்டிக்குள்ளயே வச்சுப் பூட்டின ஆள இப்பத்தான் மாமா நேர்ல பாக்கறேன்" என்றான் அவன்.

எங்கள் கடையைத் தெருவில் 'கால் கடை' என்பார்கள். முழுக் கடை எப்போது திறப்பீர்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. செயற்கைக் கால் செய்கிறோம். விபத்திலோ நோயிலோ காலை இழந்தவர்களுக்கு மீந்திருக்கும் பகுதியை ஒரு கருவியால் சுற்றிப் படம்பிடிப்போம். மென்பொருள் அந்தப் படத்தை அச்சாக மாற்றும், இயந்திரம் அச்சைக் கடைந்து தரும், அச்சின் மேல் பிளாஸ்டிக்கைச் சூடாக்கிப் போர்த்தினால் மீந்த காலைத் தாங்கும் கிண்ணம் கிடைக்கும். கிண்ணம் சரியாக இருந்தால் மனிதர் நடப்பார். சரியில்லை என்றால் காலைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வீசிவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்பிவிடுவார். மென்பொருள் இல்லாமல் கையால் அச்சு எடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். நானும் எடுத்துப் பார்த்தேன். பூச்செடி வைக்கலாம்.

பெட்டி செத்த மறுநாள் கண்டக்டர் அக்கா வந்தார். பேருந்தில் நடத்துநர். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவருடைய பழைய கிண்ணம் விரிசல் விட்டுவிட்டது, கால் சதையும் வற்றிப் போயிருந்தது. புதிதாக அளவெடுத்துச் செய்ய வேண்டும்.

"தம்பி, மாசக் கடைசி வரைக்கும்தான் லீவு. அன்னிக்கு டிப்போவுக்கு என் கால்ல நடந்து போய் நிக்கணும். நிக்கலேன்னா பஸ்ஸுல இருந்து எடுத்துட்டு, தொலைஞ்ச பொருள் அறையில போட்டுருவாங்களாம்."

"உக்காந்து பாக்கற வேலைதானேக்கா" என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

"ஏற்கெனவே ஒரு காலத் தொலைச்சவ. என்னைக் கொண்டு போய்த் தொலைஞ்ச குடைங்களோட வச்சா, தேடிக்கிட்டு யார் வருவா?" என்றார் அக்கா. பிறகு சிரிக்காமல் சொன்னார்: "பஸ்ஸுல நின்னாத்தான்டா நான் ஆளு. உக்காந்தா நானும் லக்கேஜ்."

மாதக் கடைசி என்றால் நிறைய நாள் இருந்தது. மென்பொருள் விற்பனையாளரைக் கூப்பிட்டேன். அவர் குரலில் எப்போதும் ஒரு மலர்ச்சி இருக்கும்.

"ஒரே மென்பொருள்தான் சார், ரெண்டு விதமா தர்றோம். மேகத்துல வச்சுக்கலாம், எங்கயோ தூரத்துல இருக்கற கணினியில ஓடும், நீங்க இணையம் வழியா வேலை செய்யலாம். இல்லேன்னா பழையபடி உங்க கடையிலயே பெட்டியில. எது வேணும்?"

"எது நல்லது?"

"அத நாங்க சொல்லக் கூடாது சார். உடம்பு அளவு சம்பந்தப்பட்ட மென்பொருளாச்சே. வழிகாட்டு மையத்துல இருப்பிடத் தேர்வுச் சான்று வாங்கிட்டு வந்துருங்க. அதுதான் நடைமுறை."

மென்பொருள் இருப்பிடத் தேர்வு வழிகாட்டு மையம். பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் நுழைவுத் தேர்வில் பாதி தேறிய மாதிரி. பல மாடிக் கட்டடம். முகப்பில் கண்ணாடியில் ஒரு பெரிய மேகம் வரைந்து, அதன் கீழே ஒரு வீடு வரைந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதனை இரு கைகளையும் விரித்து நிற்கவைத்திருந்தார்கள். அவன் மகிழ்ச்சியில் கை விரிக்கிறான் என்று அப்போது நினைத்தேன்.

உள்ளே இரண்டு வரிசை. ஒன்றுக்கு மேலே 'மேகம்' என்று பலகை, மற்றதற்கு 'தன்னிடம்', அதாவது அவரவர் இடத்திலேயே பெட்டி. வரவேற்பில் இருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"மேகமா, தன்னிடமா?"

"அதக் கேக்கத்தான் வந்திருக்கேன்மா."

"முடிவு பண்ணிட்டு வந்து வரிசையில நில்லுங்க."

"முடிவு பண்றதுக்கு எங்க போகணும்?"

"இங்கதான் வரணும்."

"வந்துட்டேனே."

"அப்ப நில்லுங்க."

"எந்த வரிசையில?"

அந்த அம்மா முதல் முறையாக என்னைப் பார்த்தார். கொஞ்சம் இரக்கமாகத்தான் பார்த்தார். "முடிவெடுக்காதவங்க நடுவுல."

நடுவில் ஒரு தூண் இருந்தது. சன்னல் கிடையாது, ஆள் கிடையாது, தூண்தான். அதன் முன்னால் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு அச்சகக்காரர் வந்து நின்றார், அவருக்குப் பின்னால் ஒரு பல் மருத்துவர். தூணை நோக்கி ஒரு ஒழுங்கான வரிசை உருவாகிவிட்டது. யாரோ பின்னால் இருந்து "தள்ளாதீங்க சார்" என்றுகூடச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் நான் சந்தித்தவர்களிலேயே நாணயமானது அந்தத் தூண்தான். அது எதையும் சொல்லவில்லை, சொல்வதாகப் பாவனையும் செய்யவில்லை.

எவ்வளவோ நேரம் கழித்து ஆலோசகர் வந்து என்னைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். மென்மையான குரல் கொண்ட பெண்மணி. சுவர் முழுக்க நீல வண்ணம். நான் ஈரத்துணியில் ஆரம்பித்து, கண்டக்டர் அக்காவின் லீவு வரைக்கும் சொன்னேன். கண்களை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நான் இருமிய பிறகு திறந்தார்.

"நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். இது பதில் சொல்ற அமைப்பு இல்ல. வழிகாட்டற அமைப்பு."

"நல்லது மேடம். வழி எந்தப் பக்கம்?"

"அது நீங்க எங்க போகணுங்கறதப் பொறுத்தது."

"எங்க போகணும்னு தெரியாமத்தான் மேடம் வந்திருக்கேன்."

"அது உங்க நிறுவனத்தோட முதிர்ச்சியப் பொறுத்தது."

"நிறுவனம்னா நானும் என் மச்சானும்."

"அப்ப அது உங்க ரெண்டு பேருக்கும் இருக்கற புரிதலப் பொறுத்தது."

நம் மொழியில் 'பொறு' என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. அதிலிருந்து பொறுமை வருகிறது, பொறுப்பு வருகிறது, பொறுத்தது என்பதும் அதே சாயலில் வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த மையம் அந்தக் குடும்பத்தைப் பாகம் பிரித்துக்கொண்டது. பொறுத்தது என்பதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பொறுமையை வருகிறவர்கள் தலையில் கட்டினார்கள். பொறுப்பைத்தான் எந்த மாடியிலும் காணவில்லை. நான் எல்லா மாடிக்கும் போயிருக்கிறேன்.

முதலில் முதிர்ச்சி மதிப்பீடு என்று ஒன்று. திரையில் கேள்விகள் வரும். 'உங்கள் நிறுவனத்தை ஒரு மரமாகக் கற்பனை செய்தால் அதன் வேர்கள் எங்கே உள்ளன?' பின்னறையில், கழிப்பறைக்குப் பக்கத்தில் என்று எழுதினேன். 'நிறுவனத்தில் மாற்றத்தை எதிர்ப்பவர் யார்?' மச்சான். 'நிறுவனத் தலைவருக்கும் தொழில்நுட்பத்துக்கும் எத்தகைய உறவு?' ஈரமான உறவு என்று எழுதினேன், பொய் சொல்ல மனமில்லாமல். முடிவு வந்தது. நாங்கள் 'விதை நிலை'. மேலே முளை நிலை, செடி நிலை, மரம், வனம். விதைக்குக் கீழே எதுவும் இல்லையா என்று கேட்டேன். இதுவரை தேவைப்பட்டதில்லை, உங்களைப் பார்த்த பிறகு சேர்க்கலாமா என்று பரிசீலிக்கிறோம் என்றார் ஆலோசகர். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

விதை நிலையில் இருப்பவர்களுக்கு மேகம் ஆபத்து, அவர்களுக்கு அதன் அருமை தெரியாது. தன்னிடமும் ஆபத்து, அவர்கள் ஈரத்துணி போடுவார்கள். எனவே அவர்கள் முதலில் முளைக்க வேண்டும். முளைப்பதற்கு ஒரு வகுப்பு. வகுப்புக்கு முன்னால் விழைவுக் கூற்று ஒன்று எழுதித் தர வேண்டும். 'கால் செய்ய விழைகிறேன்' என்று எழுதினேன். திருப்பி அனுப்பினார்கள், தொலைநோக்கு இல்லையாம். 'தூரமாக நடக்கும் கால் செய்ய விழைகிறேன்' என்று திருத்தினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கண்டக்டர் அக்கா கடையில் உட்கார்ந்திருப்பார். ஊன்றுகோல் இரண்டும் சுவரில் சாய்ந்திருக்கும்.

"என்னடா ஆச்சு? மேகமா, பெட்டியா?"

"முளைச்சிட்டிருக்கேன்க்கா."

"என்னது?"

"விதை நிலை முடிஞ்சு முளை நிலை. ஆலோசகர் ரொம்ப நம்பிக்கையா இருக்காங்க."

"மாமா முளைக்கறதுக்குள்ள நமக்கு வேர் விட்டுரும்க்கா" என்றான் மச்சான், உள்ளிருந்தபடியே.

அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, நேராச் சொல்லு. மாசக் கடைசிக்குள்ள முடியுமா?"

நான் வாயைத் திறந்தேன். "அது வந்துக்கா... பல விஷயத்தப் பொறுத்து..."

சொன்னது என் வாய்தான். கேட்டது என் காது. பாதி வாக்கியத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். போய்விட்டார். ஊன்றுகோல் தரையில் ஊன்றும் சத்தம் தெருமுனைவரை எனக்குக் கேட்டது.

அடுத்த கட்டம் 'பயனாளர் குரல்'. மென்பொருளால் இறுதியில் பயனடைகிறவர் ஒருவரை நேரில் கூட்டிவர வேண்டும். அப்போதுதான் தேர்வு முழுமையடையும் என்றார் ஆலோசகர். கூட்டிவந்தால் சான்று கிடைத்துவிடுமா என்று கேட்டேன். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லை. அக்காவிடம் போய் நின்றேன்.

"நான் வந்தா வேலை நடக்குமா?" என்று கேட்டார்.

"நடக்கும்க்கா" என்றேன். எனக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

பட்டறை அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அச்சகக்காரர் இருந்தார், பல் மருத்துவர் இருந்தார். எல்லோரும் முளைத்தவர்கள். ஆலோசகர் கையைத் தட்டினார்.

"இப்ப நம்ம உடம்பாலயே தேர்வ உணரப் போறோம். பாதிப் பேர் மேகம். நாற்காலி மேல ஏறி நில்லுங்க. பாதிப் பேர் தன்னிடம். தரையில உக்காருங்க. அப்படியே இருந்து, உயரத்தையும் பாதுகாப்பையும் அனுபவிங்க."

பல் மருத்துவர் நாற்காலியில் ஏறினார். ஏறிய வேகத்தைப் பார்த்தால் அவர் இதை வீட்டில் பழகிவிட்டு வந்த மாதிரி இருந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். ஆலோசகர் புன்னகையோடு அக்காவிடம் வந்தார்.

"நீங்க மேகம். ஏறுங்கம்மா."

அக்கா நாற்காலியைப் பார்த்தார், தன் ஒற்றைக் காலைப் பார்த்தார், ஆலோசகரைப் பார்த்தார்.

"நாற்காலியில ஏறக் கால் வேணும். கால் வேணும்னா இவருக்கு மென்பொருள் வேணும். மென்பொருள் வேணும்னா நான் நாற்காலியில ஏறணும். இது என்ன ரூட்டும்மா? எங்க ஏறினாலும் டிப்போவுக்கே திரும்புது."

"அருமையான எதிர்வினை" என்றார் ஆலோசகர். "இந்தத் தடைதான் நம்ம கற்றல்."

பிறகு ஒரு ஆள் கேமராவோடு வந்தான். மையத்தின் ஆண்டு மலருக்குப் பயனாளர் படம் வேண்டுமாம். அக்காவின் கையில் ஒரு அட்டையைக் கொடுத்து, ஊன்றுகோலை மட்டும் படத்தில் தெரியாமல் ஓரமாக வைத்துக்கொள்ளச் சொன்னான். அட்டையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'மின்மயப் பயணத்தில் என் முதல் காலடி'.

எனக்குக் கோபம் வராது. வந்தாலும் ஒரு வேடிக்கை வார்த்தையாக வெளியே போய்விடும். இத்தனை வருடம் அப்படித்தான் பிழைப்பை ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கு எந்த வேடிக்கையும் வரவில்லை. ஊன்றுகோலைத் தள்ளிவைத்தால் இந்த மனுஷி விழுந்துவிடுவார் என்பதுகூடத் தெரியாமல், அவர் காலைப் பற்றி ஒரு வாசகம் எழுதி, அதற்கு எழுத்துரு தேர்ந்தெடுத்து, நிறம் தேர்ந்தெடுத்து, அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தேர்வையெல்லாம் எந்தச் சான்றும் இல்லாமல் செய்திருக்கிறார்கள். அட்டையை வாங்கி இரண்டாகக் கிழித்தேன். நல்ல தடித்த அட்டை. கிழிய நேரமாயிற்று. அவ்வளவு நேரமும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து நிறைவுரை ஆற்ற இயக்குநர் உள்ளே வந்தார். அட்டை கிழிவதைப் பட்டறையின் ஒரு பயிற்சி என்று எண்ணி மெல்லக் கை தட்டினார். பிறகு பேசினார்.

"நண்பர்களே, இந்த மையம் தொடங்கினதுலருந்து நாங்க ஒரு தப்பான முடிவு கூடச் சொன்னதில்லைன்னு பெருமையாச் சொல்லிக்கறேன்."

"சரியான முடிவு எத்தனை சார் சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. எத்தனையோ விதைகளைப் பார்த்தவர். "முடிவே சொன்னதில்ல. அதுதான் எங்க பலம். ஒரு முடிவச் சொன்னா, நாளைக்கு ஏன் சொன்னேன்னு ஒருத்தர் கேப்பார். சொல்லலேன்னா எப்படிக் கேப்பார்? நீங்க மேகம் எடுத்து நட்டப்பட்டா, அது உங்க தேர்வு. லாபப்பட்டா, அது எங்க வழிகாட்டல்."

"உங்க மையத்தோட மென்பொருள் எங்க சார் இருக்கு? மேகத்துலயா, இங்கயா?"

இயக்குநர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் நீலச் சுவரைப் பார்த்தார்.

"அதுக்கு ஒரு உயர்மட்டக் குழு இருக்கு" என்றார் இயக்குநர். "குழு அமைச்சு நாளாச்சு. அவசரப்படக் கூடாதில்லையா? அதுவரைக்கும் எல்லாம் என் செயலாளர் அம்மாவோட பென் டிரைவுல இருக்கு. அவங்க லீவு போட்டா நாங்களும் லீவு. ஒரு சிக்கலும் வந்ததில்ல."

அச்சகக்காரர் நாற்காலியிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கினார்.

"சார்" என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது. "இந்த அக்காவுக்கு மாசக் கடைசிக்குள்ள கால் வேணும். இல்லேன்னா பஸ் வேலை போச்சு. உங்ககிட்ட நாங்க கேக்கறது ஒரு வார்த்தை. மேகம்னு சொன்னாலும் சரி, தன்னிடம்னு சொன்னாலும் சரி. காசச் சுண்டிப் பாத்துக்கூடச் சொல்லுங்க. சான்றுல கையெழுத்துப் போடுங்க."

"உணர்ச்சி புரியுது. ஆனா அடுத்த காலாண்டுக் கூட்டத்துலதான் சான்று விஷயத்த எடுத்துக்க முடியும்." அவர் அக்காவின் பக்கம் திரும்பி, குழந்தையிடம் பேசுவது போலக் குனிந்தார். "பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்லுவாங்க இல்லையாம்மா?"

"எனக்குப் பூமிய ஆள வேணாம் சார்" என்றார் அக்கா. "அதுல நின்னாப் போதும்."

அப்போதாவது அந்த மனிதர் வெட்கப்பட்டிருக்கலாம். தலை குனிந்திருக்கலாம். சும்மாவாவது இருந்திருக்கலாம். இயக்குநரின் முகம் மலர்ந்தது. "ஆஹா! இத எழுதிக்கோங்க" என்றார் ஆலோசகரிடம். "ஆண்டு மலருக்கு முதல் பக்கம்."

ஆலோசகர் எழுதிக்கொண்டார். கிழிந்த அட்டையின் பின்பக்கத்தில்.

நாங்கள் வெளியே வந்தோம். படியிறங்க அக்காவுக்கு நேரமாயிற்று. நான் பிடிக்கப் போனேன், "தொடாத" என்றார். கீழ்த்தளத்தில், வெளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு அறை. 'சான்று சரிபார்ப்புப் பிரிவு'. ஒரு பெண் அதிகாரி நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கோபத்தில் இருக்கிறவன் திறந்திருக்கும் எந்தக் கதவிலும் நுழைவான். நுழைந்தேன்.

"மேடம், சான்று இல்லாம ஒரு கடைக்காரன் மென்பொருள் வாங்கினா என்ன ஆகும்?"

"கேட்டாக் காட்டணும்" என்றார், நகத்தைப் பார்த்தபடி.

"யார் கேப்பாங்க?"

"நாங்கதான் கேக்கணும்."

"கேப்பீங்களா?"

"கேக்கறதுக்குன்னு ஒரு நடைமுறை வகுக்கணும் இல்லையா? அதுக்கு ஒரு மென்பொருள் வேணும். அது எங்க இருக்கணும்னு மேல இன்னும் முடிவாகல."

"இதுவரைக்கும் எத்தனை சான்று சரிபார்த்திருக்கீங்க?"

அவர் நகவெட்டியைக் கீழே வைத்தார். கேள்வி அவருக்குப் புதிதாக இருந்தது. மேசையின் இழுப்பறையைத் திறந்து பார்த்தார், எதையோ உறுதி செய்துகொள்வது போல. அதில் இன்னொரு நகவெட்டி இருந்தது. "எங்ககிட்ட யாரும் கொண்டு வர்றதில்லையே" என்றார், குறைபடுகிற குரலில்.

இத்தனை நாள். ஒரு மனுஷி ஊன்றுகோலில் வந்து வந்து என் கடையில் காத்திருந்த இத்தனை நாளும், யாரும் கேட்காத ஒரு சான்றுக்காக நான் கடையை மரமாகக் கற்பனை செய்துகொண்டிருந்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதியை வெட்டி என் பக்கமும் வைக்க வேண்டும். முதல் நாளே இந்தக் கீழ்த்தளத்தில் நுழைந்து கேட்டிருக்கலாம். பலகையைப் பார்த்ததும் வரிசையில் நிற்கிற ஜாதி நான். வரிசை தூணுக்கு முன்னால் என்றாலும் நிற்பேன்.

வாசலில் நின்றபடியே விற்பனையாளரைக் கூப்பிட்டேன்.

"எது முதல்ல ஓடும்? மேகமா, பெட்டியா?"

"அது பாருங்க சார், உங்க இணைய வேகத்தப் பொறுத்தது, கப்பல் வர்றதப் பொறுத்தது..."

"கப்பலா?"

"பெட்டி கப்பல்லதானே சார் வரணும்."

"அப்ப மேகம். இன்னிக்கே."

"சான்று?"

"கேட்டாக் காட்டறேன்."

ஒரு கணம் மறுமுனையில் மலர்ச்சி இல்லை. பிறகு, "நான் கேக்கல சார்" என்றார்.

நான் ஏன் மேகத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று எந்த ஆண்டு மலராவது விசாரித்தால், இதுதான் காரணம்: கப்பல் தாமதம். பெட்டி கையில் இருந்திருந்தால் பெட்டி எடுத்திருப்பேன். இதைச் சொல்ல அத்தனை மாடி தேவையில்லை.

அன்று பிற்பகல் மச்சான் தன் மடிக்கணினியில் மென்பொருளைத் திறந்து, "மாமா, தயவுசெஞ்சு இந்தப் பக்கம் வராதீங்க" என்றான். அக்காவின் காலைப் படம்பிடித்தோம். இயந்திரம் அச்சைக் கடைந்தது. பிளாஸ்டிக்கைச் சூடாக்கி மேலே போர்த்தினோம். அக்கா எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தார், அளவு கொடுத்தார், போனார்.

கடைசியில் மாட்டிப் பார்க்கிற நாள் வந்தது. மறுநாள் காலை அவர் டிப்போவில் நிற்க வேண்டும்.

இரண்டு கம்பிகளுக்கு நடுவே அக்கா எழுந்து நின்றார். கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தார், மறு கையை எடுத்தார். கண்ணாடியில் தன்னை ஒரு தரம் பார்த்தார். ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எப்படிக்கா இருக்கு?"

"பரவால்ல."

எங்கள் தொழிலில் பயப்பட வேண்டியது அந்த வார்த்தைக்குத்தான். காலம் கடந்துவிட்டது, பாவம் இவர்களும் உழைத்திருக்கிறார்கள், குறை சொல்வானேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு 'பரவால்ல' என்பார்கள். வீட்டுக்குப் போவார்கள். ஒரு நாள் நிற்பார்கள், மறுநாள் புண்ணாகும், கால் கட்டிலுக்கடியில் போகும். ஓடுகிற பேருந்தில் நாள் முழுக்க நிற்க வேண்டிய கால் இது. கிண்ணம் உரசுகிற இடம் தெரிந்தால் சூடுகாட்டி அந்த இடத்தை வெளியே தள்ளிவிடுவேன், மதியத்துக்குள் முடிகிற வேலை. தெரியாவிட்டால் இருட்டில் துழாவ வேண்டியதுதான். இடத்தை மாற்றித் தள்ளினால் நல்லா இருக்கிற பக்கமும் கெட்டுவிடும்.

நான் தரையில், அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"அக்கா, என் மேல உங்களுக்குக் கோவம். இருக்கட்டும். அத நாளைக்கு வச்சுக்கலாம். இந்த மாசம் பூரா நான் யார்கிட்ட எதக் கேட்டாலும் அதப் பொறுத்தது, இதப் பொறுத்ததுன்னாங்க. ஒருத்தர் வாயிலருந்தும் ஒரு நேரான பதில் வரல. நீங்களாவது சொல்லுங்க. வலிக்குதா?"

அக்கா என்னையே பார்த்தார். உதட்டைக் கடித்தார். மெல்லக் குனிந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு கையைக் கீழே கொண்டுவந்தார்.

"வலிக்குது."

"எங்க?"

முழங்காலுக்குக் கீழே, உள்பக்கமாக, கிண்ணத்தின் விளிம்பில் விரலை வைத்து அழுத்தினார்.

"இங்க."